அரைப்புள்ளி

கண்டனூரில் அந்த வீட்டில் எட்டு மாதம் அணைத்து வைத்திருந்த மெயின் சுவிட்சைக் கல்யாண வேலைக்காகப் போட்ட நாளிலிருந்து, பூட்டிக் கிடந்த ஓர் அறைக்குள் ஃபேன் தானாகச் சுற்றியது. பிற்பகல் மூன்றரை மணிக்கு மேல் ஆரம்பிக்கும். கால் மணி நேரம் சுற்றும். பிறகு நின்றுவிடும். யாரும் போடவில்லை, யாரும் அணைக்கவில்லை.

பேய் என்றால் ராத்திரியில் வரும், கொலுசு சத்தம் கேட்கும், மல்லிகைப்பூ மணக்கும் என்றுதான் நமக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். பட்டப்பகலில் வந்து, ஃபேனைப் போட்டு, காற்று வாங்கிவிட்டுப் போகிற பேயை என்ன செய்வது? ரோகிணிக்கும் தெரியவில்லை. அவள் காரைக்குடியில் கம்ப்யூட்டர் வேலை செய்கிறவள், பேயோட்டுகிறவள் இல்லை. ஆனால் இது அவள் தலையில்தான் விழுந்தது. அந்த வீட்டின் லைட்டு, ஃபேன், மோட்டார் அத்தனையையும் ஆட்டி வைக்கிற பெட்டியை மாட்டியது அவளும் அவளுடைய கூட்டாளி அன்வர் சாதிக்கும்தான். அன்வர் செத்து எட்டு மாதம் ஆகிறது.

வீட்டுக்காரர் கார்த்திகேய சிவம் சென்னையிலிருந்து போனில் பேசினார். நல்ல மனிதர்தான், ஆனால் பெண்ணைக் கட்டிக்கொடுக்கப் போகிற தகப்பனுக்கு அந்த நேரத்தில் நல்ல குணமெல்லாம் எங்கே இருக்கும்?

"ஒம்பது நாள்ல கல்யாணம்மா. பூட்டுன ரூம்ல ஃபேன் ஓடுதுன்னு மாப்பிள்ளை வீட்டுக்காரக காதுல விழுந்தா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன்? மூணு நாள் தர்றேன். நிக்கலையா, அந்தப் பெட்டியக் கழட்டித் தூரப் போட்டுட்டுப் பழையபடி சுவிட்சு வச்சுக்கிறோம். போன தடவையே நீங்க பண்ணுனது போதும்."

கழற்றித் தூரப் போடுவார்களாம். அன்வர் எழுதிய புரோகிராம் எதுவும் மற்ற வீடுகளில் இப்போது இல்லை; ஒவ்வொருவராக வேறு ஆளை வைத்து மாற்றிக்கொண்டார்கள். அவன் கை எழுதியது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது இந்த உலகத்திலேயே அந்த ஒரு வீட்டில்தான். அது போனால் அவன் முழுசாகப் போனான்.

'போன தடவை' என்று அவர் குத்திக்காட்டியதைச் சொல்லிவிட வேண்டும். போன வைகாசியில் அதே வீட்டில் ஒரு மணிவிழா நடந்தது. எந்த லைட் எப்போது எரிய வேண்டும், மோட்டார் எப்போது ஓட வேண்டும் என்பதையெல்லாம் அன்வர் ஒரே ஃபைலில் எழுதி வைத்திருந்தான். மூவாயிரத்து நூறு வரி. விழாவுக்கு முதல் நாள் அதில் ஏதோ ஒரு வரியைத் திருத்தியவன், கடைசியில் போட வேண்டிய அரைப்புள்ளியைப் போடாமல் விட்டுவிட்டான். பள்ளிக்கூடத்தில் படித்தோமே, மேலே ஒரு புள்ளியும் கீழே ஒரு வாலும், அதுதான். பெட்டி அந்த வரி வரைக்கும் படித்துப் பார்த்து, தடுக்கி விழுந்து, மொத்தத்தையும் கீழே போட்டுவிட்டது. முகப்பிலிருந்து அடுப்படி வரை ஒரு விளக்கு எரியவில்லை. மறுபடி மாப்பிள்ளையாக உட்கார்ந்திருந்த அறுபது வயசுக்காரருக்கு வியர்த்து ஊற்றியது.

மறுநாள் போனில் இருவருக்கும் சண்டை. அது முதல் சண்டையும் இல்லை. ஒரு வருஷமாக இதே சண்டைதான்.

"ரூமுக்கு ஒரு ஃபைலாப் பிரி, பிரின்னு எத்தன தடவ சொன்னேன்?" என்று ரோகிணி கத்தினாள். "ஒண்ணு கெட்டா ஒரு ரூம் கெடும். இப்பப் பாரு, ஒரு அரைப்புள்ளியில வீடே இருட்டாப் போச்சு."

"பிரிச்சா எது எங்க கெடக்குன்னு எவனுக்குத் தெரியும்?" என்றான் அன்வர். "ஒத்த ஃபைலுன்னா மேலருந்து கீழ ஒரு பார்வ, முடிஞ்சுச்சு. பத்து ஃபைலாக்கு, பதினொண்ணாவது ஒண்ணு எங்கயாச்சும் ஒளிஞ்சு உக்காந்திருக்கும். அப்பத் தேடிக்கிட்டு அலைவ."

"அப்ப நீயும் ஒன் ஒத்த ஃபைலும் ஒண்ணாக் கெடந்து நாசமாப் போங்க!"

அவன் போனை வைத்துவிட்டான். அதற்குப் பிறகு அவன் கூப்பிடவில்லை. இவளும் கூப்பிடவில்லை, அவனே கூப்பிடட்டும் என்று வீம்பு. ஆறாம் நாள் காலை கண்டனூர் ரோட்டில் ஒரு லாரி அவன் பைக்கின் மேல் ஏறிவிட்டது.

கோபத்தில் யார்தான் நாசமாய்ப் போ என்று சொல்லவில்லை? நாளைக்கு நாலு தடவை சொல்கிறோம். ஆனால் ரோகிணியின் நாக்கு நுனியில் ஒரு கரும்புள்ளி உண்டு. சின்ன வயதில் ஊரில் அவளைக் கருநாக்குக்காரி என்று கேலி செய்வார்கள். "பாத்து மாமா, விழுந்துறாதீக" என்று ஒருநாள் சொன்னாள், தென்னை மரத்திலிருந்த மாமா அப்படியே விழுந்தார். காலேஜ் படித்து, நாலு எழுத்துத் தெரிந்த பிறகு அதையெல்லாம் சொல்லிச் சிரித்தவள்தான். இப்போது எட்டு மாதமாகக் காலையில் பல் விளக்கும்போது கண்ணாடி முன்னால் நின்று நாக்கை நீட்டிப் பார்க்கிறாள். அந்தப் புள்ளி அங்கேயேதான் இருக்கிறது.

அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. அந்தச் சொல்லை நெஞ்சில் வைத்துக்கொண்டா அவன் போனான்? இதை யாரிடம் போய்க் கேட்பது? துக்கம் விசாரிக்கப் போனபோது அவன் மனைவி இஷ்ரத்தின் முகத்தைப் பார்த்தாள். கேட்காமலே திரும்பி வந்துவிட்டாள்.

முதல் நாள் காலையில் ரோகிணி கண்டனூருக்குப் போனாள். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் நாகவல்லி கதவைத் திறந்தாள். ஐம்பது வயது இருக்கும், ஆனால் அன்றைக்கு அறுபதாகத் தெரிந்தாள். ராத்திரித் தூக்கமே இல்லை போலிருந்தது.

"வாங்கம்மா. ஆச்சி வந்துட்டாக. அம்புட்டுத்தான் சொல்லுவேன்" என்றாள்.

"எந்த ஆச்சிக்கா?"

நாகவல்லி வளவின், அந்த நடு முற்றத்தின், மூலையைக் காட்டினாள். தூண் வரிசைக்குப் பின்னால் பெரிய பெரிய நிலைக்கதவுகளாக ஆறு அறைகள். மூலையில் மட்டும் ஒரு சின்னக் கதவு.

"உண்ணாமலை ஆச்சி ரூமும்மா அது. இது ஆறரைப் புள்ளி வீடுன்னு சொல்லுவாக. கல்யாணம் ஆன ஒவ்வொரு மகனும் ஒரு புள்ளி. பொண்டாட்டியோ புருசனோ தவறிட்டா மிச்சம் இருக்கறவுகளுக்கு அரைப்புள்ளி. கோயில் வரியிலருந்து எல்லாத்துக்கும் அந்தக் கணக்குத்தான். ஆச்சி இருவது வயசுல அரைப்புள்ளியா ஆனாக, எம்பத்தோரு வயசு வரைக்கும் அந்த ரூம்லயே இருந்து செத்தாக."

ரோகிணி காதில் வாங்கினாள், மனதில் வாங்கவில்லை. அவள் கவனமெல்லாம் நாகவல்லி நீட்டிய காலண்டர் தாளில் இருந்தது. ஃபேன் ஓட ஆரம்பித்த நேரத்தை நாகவல்லி தினமும் குறித்து வைத்திருந்தாள். மூன்று முப்பத்தொன்று. அடுத்த நாளும் முப்பத்தொன்று. பிறகு முப்பத்திரண்டு, முப்பத்திரண்டு. பிறகு முப்பத்துமூன்று.

"தள்ளித் தள்ளிப் போறாகம்மா" என்றாள் நாகவல்லி, மெல்லிய குரலில்.

இயந்திரம் தப்பு செய்யும், ஆனால் செய்த தப்பையே அதே நேரத்தில்தான் திரும்பச் செய்யும். இரண்டு நாளைக்கு ஒரு நிமிஷம் என்று நிதானமாக நகர்ந்து போகாது. ரோகிணி பெட்டியின் கடிகாரத்தைப் பார்த்தாள். நொடி பிசகாமல் இருந்தது.

லேப்டாப்பை மாட்டி அன்வரின் ஃபைலைத் திறந்தாள். அந்த மூலை அறை ஃபேனுக்கு இருபத்துமூன்றாம் நம்பர் ஒயர். மூவாயிரத்து நூறு வரியில் இருபத்துமூன்று என்று தேடினாள். ஒரு வரிகூட இல்லை. மேலிருந்து கீழாகக் கண்ணாலும் ஒருமுறை படித்தாள், அங்கங்கே அவன் எழுதி வைத்திருந்த குறிப்புகளோடு. 'இந்த மோட்டார் ஒரு சோம்பேறி, ரெண்டு தடவை சொல்லணும்' என்று ஓரிடத்தில் இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்து, அது பாதியிலேயே வேறு மாதிரி ஆகிவிட்டது.

பெட்டிக்குள் புதிதாக ஒரு ஃபோல்டர் இருந்தது. பெயர் 'வேறு'. அவள் அதற்கு முன் அதைப் பார்த்ததில்லை. திறந்தாள். காலி.

"வேறுன்னா என்னக்கா இந்த வீட்டுல?" என்று நாகவல்லியைக் கேட்டாள்.

"வேறு வைக்கிறதும்மா. மகனுக்குக் கல்யாணம் ஆனா, புதுச் சோடிக்குத் தனி அடுப்பு, தனி அரிசி பருப்பு வச்சுக் குடுத்துருவாக. ஒரே கூரைதான், ஒரே வாசல்தான். ஆனா அவுகவுக ரூமு, அவுகவுக ஒலை. ஒரு அடுப்பு அணைஞ்சாலும் இன்னொண்ணு எரியும். சண்டையும் வராது."

அட, இதைத்தானே அவள் ஒரு வருஷமாகத் தொண்டை கிழியக் கத்தினாள்! ஃபைலைப் பிரித்து வைக்கிற ஃபோல்டருக்கு அன்வர் பொருத்தமாகப் பெயர் வைத்துவிட்டு, அதைக் காலியாகப் போட்டு வைத்திருக்கிறான். கேலிதான், வேறென்ன. இந்தா உன் வேறு, எடுத்துக்கொள் என்று காலிப் பாத்திரத்தை முகத்தில் வீசிய மாதிரி இருந்தது. செத்தவன் மேல் கோபப்படக் கூடாது என்று தெரியும். ஆனாலும் வந்தது, அழுகையோடு சேர்ந்து வந்தது.

அன்று மூன்று முப்பத்துமூன்றுக்கு ஃபேன் ஓடியது. திறக்க நாகவல்லி பயந்தாள்; ரோகிணி பூட்டிய கதவில் காதை வைத்துக் கேட்டாள். கடக், கடக் என்று ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சத்தம். உள்ளே யாரோ இருப்பதைப் போலவே இருந்தது, அதை அவள் நாகவல்லியிடம் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் ஒரு முடிவோடு வந்தாள். ஆறு அறைக்கு ஆறு ஃபைல், வளவுக்கும் மோட்டாருக்கும் சேர்த்து ஒன்று. அன்வரின் வரிகளை அறை அறையாக எடுத்து, அவனுடைய குறிப்புகளில் ஒன்றைக்கூட விடாமல், அந்த 'வேறு' ஃபோல்டருக்குள்ளேயே வைத்தாள். காலையில் உட்கார்ந்தவள் மூன்று மணிக்குத்தான் நிமிர்ந்தாள். பெரிய ஃபைலை எடுத்துத் தன் லேப்டாப்பில் வைத்துக்கொண்டு, பெட்டியிலிருந்து அழித்தாள். இப்போது எல்லாம் சின்னச் சின்னது. ஒவ்வொன்றும் கைக்கு அடங்குகிறது. ஒளிந்துகொள்ள இடமே இல்லை. பேய் இனி எங்கே உட்காரும் பார்ப்போம் என்று நாற்காலியை அந்தக் கதவுக்கு எதிரே போட்டுக்கொண்டு அமர்ந்தாள்.

மூன்று முப்பத்து நாலு. கடக், கடக்.

நாகவல்லி தூணைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"நாந்தாம்மா பாவி! எனக்காகத்தான் வர்றாக. அந்தத் தம்பிய நாந்தான் உள்ள விட்டேன்."

"எந்தத் தம்பிய?"

"அன்வரு தம்பிய. அந்த மணிவிழா முடிஞ்ச மக்யா நாளுலருந்து தெனம் வந்து தனியா வேல பாத்தாகள்ல. தொழுகணும்க்கா, ஒரு ஓரமா எடம் இருக்கான்னு கேட்டாக. பாவமா இருந்துச்சு. ஆச்சி ரூமக் கூட்டி, தொறந்து விட்டேன். ஐயாகிட்டக் கேக்கல. ஆச்சி இருந்த மட்டும் ஒரு ஆம்பள அந்த நெலையத் தாண்டுனதில்லம்மா. அஞ்சு நாளு தொழுதாக. ஆறாம் நாளு சேதி வருது. ஆச்சி கோவிச்சுக்கிட்டாகன்னு அன்னைக்கே எனக்குத் தெரியும். யாருகிட்டச் சொல்லுவேன்?"

எட்டு மாதமாக இந்த மனுஷியும் தன்னைப் போலவே ஒரு சாவைத் தன் தலையில் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறாள். அது முதலில் ரோகிணிக்கு உறைக்கவில்லை. வேறொன்றுதான் உறைத்தது.

"தெனம் வந்தானா? இங்கயா?"

"ஆமா. ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. அவன் கோபித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறான் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அந்தக் கண்டனூர் ரோட்டில் அவன் எதற்குப் போனான் என்று எட்டு மாதமாக யோசித்திருக்கிறாள்.

"எந்த நேரத் தொழுகைக்கா?"

"சாயங்காலத்துதான். அஸருன்னு சொல்லுவாக. மூணரைக்கு மேல."

அஸர். ரோகிணி காலண்டர் தாளை எடுத்துப் பார்த்தாள். அஸர் நேரம் கடிகாரத்தோடு போவதில்லை, சூரியனோடு போவது. ஆபீசில் வேலையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போவான். "நேத்து இந்நேரம் எந்திரிச்சுப் போயிட்டியே" என்று கேட்டால், "இன்னைக்கு ஒரு நிமிசம் தள்ளி" என்பான். தை மாதத்தில் இரண்டு நாளைக்கு ஒரு நிமிஷம் தள்ளும்.

அப்படியானால் எங்கோ எழுதியிருக்கிறான். பெரிய ஃபைலில் இல்லை, ஏழு சின்ன ஃபைலிலும் இல்லை. பதினொன்றாவது ஒன்று ஒளிந்து உட்கார்ந்திருக்கும் என்றானே. எங்கே? ஆறரைப் புள்ளி வீடு. ஆறுக்கு ஃபைல் போட்டாயிற்று. அரை? அரைப்புள்ளி எங்கே?

புள்ளி!

அவள் தலையில் ஓங்கி அடித்துக்கொண்டாள். இந்தத் தொழிலில் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுப்பார்கள்: பெயர் புள்ளியில் தொடங்கினால் அந்த ஃபைல் பட்டியலில் தெரியாது. இருக்கும், வேலை செய்யும், பெட்டியும் அதைப் படிக்கும், ஆனால் மனிதன் கண்ணுக்குப் படாது. எல்லாவற்றையும் காட்டு என்று தனியாகக் கேட்க வேண்டும். பத்து வருஷம் இதில் குப்பை கொட்டியவள் கேட்கவில்லை, காலி ஃபோல்டர் என்று கோபப்படத்தான் தெரிந்தது.

கேட்டாள். ஏழு ஃபைலுக்கும் மேலே எட்டாவதாக ஒன்று வந்து நின்றது. முன்னால் ஒரு புள்ளி, பிறகு 'அரை'.

எழுதிய தேதி, அவன் செத்ததற்கு முதல் நாள் சாயங்காலம். ஃபேனுக்கு நாலே வரி. அதற்கு மேல் அவனுடைய குறிப்பு:

'அரைப்புள்ளி ஆச்சி ரூம். ரோகிணி சொன்ன மாதிரி முதல் ரூமை வேறு வச்சாச்சு. நல்லாத்தான் இருக்கு. இப்பச் சொன்னா ரொம்ப ஆடுவா, அதனால ஒளிச்சு வைக்கிறேன். பாதிதான் ஒத்துக்கிட்டேன், மீதி அரையை அவ வந்து வைக்கட்டும். நாளைக்கு இங்க வந்ததும் கூப்பிடணும். ஃபேன் அஸருக்கு, கால் மணி நேரம். வேலை முடிஞ்சதும் இதை எடுத்துரணும்.'

ரோகிணி அதை மூன்று தடவை படித்தாள். நாலாவது தடவை எழுத்து தெரியவில்லை. அவன் கோபத்தோடு போகவில்லை. இங்கே வந்து, அவளைக் கூப்பிட்டு, கேலி செய்து, சமாதானமாகப் போகத்தான் அந்த ரோட்டில் வந்தான். நிம்மதியாகத்தான் இருக்க வேண்டும், ஆனால் நிம்மதிக்கும் இவ்வளவு வலி இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. வளவில் உட்கார்ந்து, எட்டு மாதமாக அழாததையெல்லாம் சத்தம் போட்டு அழுதாள்.

நாகவல்லி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ரோகிணி விஷயத்தைச் சொன்னாள்.

"ஆச்சி இல்லக்கா. அவன் தொழுகறப்ப வேர்க்கும்னு போட்டு வச்ச ஃபேனு. நிப்பாட்ட ஆளு வரல. அம்புட்டுத்தான்."

நாகவல்லி அந்தக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப ஆச்சிக்கு எம்மேல கோவம் இல்லையா?" என்று ஒரு பச்சைப்பிள்ளை மாதிரி கேட்டாள்.

"இல்லக்கா."

மூன்றாம் நாள் கெடு. நாலு வரி. பெட்டியைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அவன் அவள் பேச்சைக் கேட்டு எழுதிய அந்த நாலு வரியை நிறுத்த வேண்டும். எடுத்துவிட வேண்டும் என்று அவனே எழுதியும் வைத்திருக்கிறான். ரோகிணி நிறுத்தினாள். மூன்று முப்பத்து நாலுக்கு இரண்டு பெண்களும் கதவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள். முப்பத்தைந்து. நாற்பது. ஒரு சத்தமும் இல்லை. அந்தச் சத்தம் கேட்டபோது இருந்த பயத்தைவிட இது மோசமாக இருந்தது.

"போயிட்டாகளா?" என்றாள் நாகவல்லி. யாரைச் சொன்னாள் என்று ரோகிணி கேட்கவில்லை.

கார்த்திகேய சிவத்துக்குப் போன் செய்தாள். "நின்னுருச்சு சார்."

"என்ன கோளாறும்மா?"

"ஒரு புள்ளி சார். கண்ணுல படல."

"போன தடவையும் புள்ளிதான் சொன்னீக" என்று அவர் சலித்துக்கொண்டார், ஆனால் பெட்டியை இருக்கட்டும் என்றார்.

கல்யாணம் பெரிய குறையில்லாமல் நடந்தது. நடுவில் மூன்றாவது அறையில் மட்டும் லைட் போய்விட்டது. அந்த ஒரு ஃபைலில் ரோகிணி செய்த தப்பு. பக்கத்து அறையில் இருந்தவர்களுக்குத் தெரியக்கூட இல்லை. எல்லாரும் ஊருக்குக் கிளம்பிய பிறகு அவள் கண்டனூருக்கு ஒரு தடவை போனாள். பூட்டிய வீட்டில் மூலை அறை புழுங்கிப் போகிறது, காற்றோட்டத்துக்குக் கொஞ்ச நேரம் ஃபேன் ஓடட்டுமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டாள். பெண்ணைக் கட்டிக்கொடுத்தவருக்கு நல்ல குணமெல்லாம் திரும்பி வந்திருந்தது. "தாராளமா" என்றார். பூட்டிய அறையில் ஃபேன் ஓடுகிறதென்று குதித்தவரும் இவரேதான்.

மாசி பிறந்து ஒரு நாள், பிற்பகல் மூன்றேமுக்காலுக்குக் கொஞ்சம் முன்னால் நாகவல்லி கூப்பிட்டாள்.

"ஐயாட்டக் கேட்டு, மெயின அமத்தாமயே வச்சிருக்கேம்மா. கேளுங்க."

போனைக் கதவோரம் வைத்தாள் போலிருக்கிறது. கடக், கடக் என்று கேட்டது. ரோகிணி ஆபீசில் அன்வரின் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து, அந்தக் கால் மணி நேரமும் கேட்டாள். அந்தக் கருநாக்கால் பேச இனி பயம் இல்லை, ஆனால் சொல்ல வேண்டியதை அவள் ஏற்கெனவே எழுதியிருந்தாள். அந்த எட்டாவது ஃபைலின் பெயரில் முன்னால் இருந்த புள்ளியை எடுத்துவிட்டாள். இப்போது யார் திறந்தாலும் கண்ணில் படும். உள்ளே, அவன் குறிப்புக்குக் கீழே, தன் குறிப்பையும் வைத்திருந்தாள்.

'மீதி அரையை வச்சாச்சு. ஃபேனை எடுக்கலை.'